முப்பத்து நான்காம் நாளும் மேற்படி

லிவோர்னோ துறைமுகத்துத் தடுப்புக் கொட்டடியில் இரண்டாம் எழுத்தராக இருந்த தோபனோவின் கையெழுத்தை அழகு என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் அவன் எழுதியதில் யாரும் சந்தேகம் கேட்டதும் இல்லை. கண்ணில் பட்டது தாளில் இருக்கும், படாதது இருக்காது. பதினெட்டு வயதில் பெச்சோலி என்ற மலையூரில் ஒரு பத்திர எழுத்தரிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தான். ஒரு விவசாயியின் உயிலைப் படியெடுக்கச் சொன்னார்கள். மூலத்தில் மூன்றாம் வரியில் மை சொட்டிய கறை ஒன்று இருந்தது. தோபனோ தன் படியிலும் மூன்றாம் வரியில், அதே அளவில், அதே வால் வைத்து ஒரு கறையை வரைந்து கொடுத்தான்.

“கறையையும் சேர்த்தாடா எழுதுவ?” என்று கத்தினார் பத்திர எழுத்தர்.

“இருந்துச்சு, எழுதினேன்.”

அந்த வாரமே வேலை போயிற்று. மலையை விட்டு இறங்கிக் கடற்கரைக்கு வந்தான். நாட்டை ஆண்ட பெருங்கோமகன் லிவோர்னோவில் புது ஊரைக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. எழுதத் தெரிந்தவன் எவன் வந்தாலும் வேலை இருந்தது. கொட்டடியின் தலைவர் ஒரு பிளாரன்ஸ்காரர். எல்லோரும் கப்பித்தான் என்றே கூப்பிடுவார்கள். உயில் கறையின் கதையைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, “உன்ன மாதிரி முட்டாள்தான் எனக்கு வேணும்” என்று அன்றே சேர்த்துக்கொண்டார்.

கற்பனை ஆகாத வேலை அது. கிழக்கே ஸ்மிர்னா, அலெக்சாண்டிரியா பக்கமிருந்து வருகிற கப்பலில் கொள்ளைநோய் ஒளிந்திருக்குமோ என்று ஊருக்குப் பயம். அதனால் ஆளையும் சரக்கையும் நாற்பது நாள் உள்ளே பூட்டிவைப்பார்கள். சுற்றிலும் கடல்நீர் ஓடும் அகழி. ஒரே ஒரு பாலம். உள்ளே இருப்பவர்களுக்கும் வெளியே இருப்பவர்களுக்கும் நடுவே இரண்டு வரிசை மரக்கிராதி, இரண்டுக்கும் இடையே ஒரு ஆள் நீள இடைவெளி. தினமும் காலையில் தோபனோ வெளிக்கிராதியருகே நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவான். கூப்பிடப்பட்டவன் உள்கிராதிக்கு வந்து, இரண்டு கையையும் தூக்கி, அக்குளில் உள்ளங்கையால் ஓங்கி அடித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் தொடையிடுக்கில். நெறி கட்டியிருந்தால் அந்த அடிக்கு உயிர் போகும். முகம் சுளிக்காமல் அடித்துக்கொண்டவன் பெயருக்கு எதிரே ‘நலம்’ என்று எழுதுவான்.

பதினேழு பேர் இருந்தால் பதினேழு முறை நலம் என்று எழுதத் தேவையில்லை. முதல் பெயருக்கு மட்டும் நலம். மற்ற பதினாறுக்கும் தித்தோ, தித்தோ, தித்தோ. தேதிக்கும் அப்படித்தான். மாதம் பிறந்த அன்று ஒருமுறை மே என்று எழுதிவிட்டால் போதும். மறுநாள் ‘இரண்டு, தித்தோ’, அதற்கு மறுநாள் ‘மூன்று, தித்தோ’. நம் பத்திரங்களில் மேற்படி என்று போடுகிற இடம் அது.

தித்தோ என்பது அவர்கள் மொழியில் சொல்லுதல் என்ற வினையில் பிறந்த சொல். சொன்னது என்று அர்த்தம். ‘மேலே சொன்ன மாதம்’ என்று தினம் தினம் எழுதிக் கை ஓய்ந்தவர்கள் மாதத்தைக் கழற்றிவிட்டு, சொன்னது என்பதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். படித்த பிளாரன்ஸ்காரர்கள் அதைத் தெத்தோ என்பார்கள். தோபனோவின் வாயில் அது தித்தோ. வாயில் வந்ததே கையிலும் வந்தது.

“தெத்தோன்னு எழுதுடா” என்பார் கப்பித்தான். “தித்தோங்கறது மீன் விக்கறவன் பேச்சு.”

“எழுதறவன் மீன் திங்கறவன்தானே, ஐயா.”

கப்பித்தான் தலையில் அடித்துக்கொண்டு போய்விடுவார்.

தோபனோவின் மனைவி தியனோரா துறைமுகத்துப் பாய்மரக் கூடத்தில் பாய் தைப்பவள். உள்ளங்கை தோல்பட்டை போல் தடித்திருக்கும். குரல் கப்பலின் மறுமுனைக்குக் கேட்கும். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இரண்டு முறை கரு தங்காமல் போயிற்று. ஆயிரத்து அறுநூற்று இருபத்தொன்றாம் ஆண்டு வசந்தத்தில் அவளுக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஜூன் தொடக்கத்தில் பிரசவம் என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள்.

ஏப்ரல் இருபதாம் தேதி ஸ்மிர்னாவிலிருந்து பஞ்சு ஏற்றி வந்த ஓர் ஆங்கிலேயக் கப்பல் கொட்டடிக்கு அனுப்பப்பட்டது. கப்பலிலிருந்து இறங்கியவர்கள் பதின்மூன்று பேர். பஞ்சுப் பொதிகளைப் பிரித்துக் காற்றாட வைக்க ஊரிலிருந்து நான்கு சுமைகாரர்கள் உள்ளே போனார்கள். அவர்களும் நாற்பது நாள் முடிந்தால்தான் வெளியே வர முடியும். சுமைகாரர்களின் மேஸ்திரி நென்சோ என்பவன். கப்பல் ஆட்களில் இரண்டு பேர் முதல் நாளே தோபனோவின் மனசில் நின்றார்கள். ஒருவன் பார்னபி. லண்டன் வியாபாரி ஒருவரின் ஆள், இருபத்திரண்டு வயது, முகம் முழுக்கச் செம்புள்ளி. ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வெறி. பார்த்தவனிடமெல்லாம் சொல்லுக்கு அர்த்தம் கேட்பான். இன்னொருவன் ஸ்தமாத்தி. கியோஸ் தீவுக்காரன், கப்பலின் தச்சன், ஐம்பதைத் தாண்டியவன், அதிகம் பேசாதவன். பட்டியலில் ஸ்தமாத்தி எட்டாவது, பார்னபி ஒன்பதாவது.

ஏழாம் நாள் காலை காற்று பலமாக இருந்தது. ஊரிலுள்ள ஒரு வியாபாரிக்குப் பார்னபி கடிதம் எழுதியிருந்தான். உள்ளேயிருந்து வரும் கடிதத்தை நுனி பிளந்த நாணல் கழியில் செருகி நீட்டுவார்கள். வெளியே இருப்பவன் இடுக்கியால் எடுத்து, வினிகரில் நனைத்து, வைக்கோல் புகையில் காட்டிய பிறகுதான் கையால் தொடுவான். பார்னபி கழியை நீட்டினான். காற்று கடிதத்தைப் பறித்தது. அது இரண்டு கிராதியையும் தாண்டிப் பறந்து தோபனோவின் நெஞ்சுக்கு நேரே வந்தது. கை தானாக எழும்பிப் பிடித்தது.

தோபனோ தன் கையைப் பார்த்தான். பிறகு பத்தடி தள்ளி நின்ற காவலாள் மாசோவைப் பார்த்தான். இருவரும் எட்டு வருஷமாகத் தினமும் ஒரே கல்லில் உட்கார்ந்து ரொட்டி தின்பவர்கள்.

“அசையாத தோபனோ” என்றான் மாசோ. துப்பாக்கி ஏற்கெனவே தூக்கியாகிவிட்டது. “அப்படியே நில்லு.”

“யாரும் பாக்கல மாசோ.”

“நான் பாத்தேனே.”

கப்பித்தான் வந்தார். வினிகர் தோய்த்த பஞ்சை மூக்கில் வைத்துக்கொண்டு, எட்ட நின்றே விஷயத்தைக் கேட்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் தோபனோவுக்குப் பயமாக இருந்தது.

“சட்டம் நீ படியெடுத்து எழுதினதுதான். உனக்குத் தெரியாதா?” என்றார். “அவங்களுக்கு ஏழு நாள் ஆயிருச்சு. மிச்சம் முப்பத்து மூணு. அவங்களோடயே வெளிய வந்துரு.”

“ஐயா, வீட்ல மாசமா இருக்கா.”

“அதுக்குள்ள வந்துருவ. மே கடைசி. கணக்கு சரியா இருக்கு.” பிறகு ஒரு எச்சரிக்கையும் சொன்னார். “உள்ள எவனுக்காவது ஏதாவது வந்துச்சுன்னா மறுபடி ஒண்ணாம் நாள். அதுவும் உனக்குத் தெரியும்.”

முதல் எழுத்தர் பீசாவில் படுத்த படுக்கையாக இருந்தார். ஊர் வைத்தியரோ அகழியைத் தாண்டி வருவதில்லை என்று விரதம் எடுத்தவர். அதனால் பதிவேட்டை உள்ளே இருந்தே எழுதும்படி தோபனோவுக்கு உத்தரவாயிற்று. தினமும் ஒரு தாள். எழுதியதும் இடுக்கி, வினிகர், புகை.

மறுநாள் காலை பதினேழு பேரையும் நிற்கவைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவர்கள் அடித்துக்கொண்டார்கள். அவன் எழுதினான். பதினேழாவது பெயர் முடிந்ததும் பேனாவை வைக்கப்போனவன் நிறுத்தினான். பதினெட்டாவதாக ‘கிறிஸ்தோபனோ, எழுத்தன்’ என்று தன் முழுப்பெயரை எழுதினான். எழுந்து நின்று, இரண்டு கையையும் தூக்கி, அக்குளில் ஓங்கி அடித்துக்கொண்டான். உட்கார்ந்து தித்தோ என்று எழுதினான். எட்டு வருஷமாக எழுதிய சொல். தன் பெயருக்கு எதிரே எழுதியபோதுதான், அதற்கு மேலே பதினாறு தித்தோக்கள் கழுத்தில் ஏறி உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

அறை ஒரு நீண்ட கல் மண்டபம். ஜன்னல் ஆளுயரத்துக்கு மேலே. அதில் வானமும் பாய்மர நுனிகளும் மட்டும் தெரியும். காலையில் ரொட்டியும் மொச்சைக் கஞ்சியும். மதியம் அதே மொச்சை. பஞ்சுத் தூசியும் வினிகரும் சேர்ந்த வாடை கஞ்சியிலும் சட்டையிலும் நாக்கிலும் ஒட்டியிருந்தது. கப்பல் ஆட்கள் சுவரில் கரியால் நாளைக் கோடு போட்டார்கள். பஞ்சுக் கிடங்கிலிருந்து சுவர் வரை நூற்று நாற்பது தப்படி. ஒரு வாரத்தில் தோபனோவின் கால் எண்ணாமலே அங்கே போய்த் திரும்பப் பழகிவிட்டது.

பார்னபி அவனை விடவில்லை. ஒருநாள் பதிவேட்டின் மேல் குனிந்து விரலை வைத்தான்.

“எழுத்தரே, ஒரே சொல்ல இத்தன தடவ எழுதறீங்களே, என்ன அது?”

“திரும்பத் திரும்ப எழுதக் கூடாதுன்னுதான் அத எழுதறேன்.”

“புரியல.”

“தித்தோன்னா சொன்னது. மேல ஒருதரம் சொல்லியாச்சு, அதேதான் இங்கயும்னு அர்த்தம்.”

“டிட்டோ” என்றான் பார்னபி. அவன் நாக்கு மேலண்ணத்தில் தட்டியது.

“டிட்டோ இல்லடா. தித்தோ. நாக்கப் பல்லுல வை.”

“டிட்டோ.”

பக்கத்தில் பொதி பிரித்துக்கொண்டிருந்த நென்சோ சிரித்தான். “விடு எழுத்தரே. அவன் பல்லு லண்டன்ல செஞ்சது.”

பார்னபி ஒரு குறிப்பேடு வைத்திருந்தான். அன்றிலிருந்து அதில் அந்தச் சொல்லை அள்ளிப் போட்டான். ஒருமுறை தோபனோவிடம் காட்டினான். பக்கம் முழுக்க ஆங்கிலம். தோபனோவுக்கு ஓர் எழுத்தும் கூடவில்லை. ஆனால் நடுநடுவே தித்தோ, தித்தோ என்று தன் சொல் மட்டும் தெரிந்தது. கூட்டத்தில் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது.

“என்ன எழுதியிருக்க?”

“திங்கள், மொச்சை. செவ்வாய், டிட்டோ. புதன், டிட்டோ.”

தோபனோ உள்ளே வந்த பிறகு முதல்முறையாகச் சிரித்தான். அந்தக் காலத்தில் லிவோர்னோவில் கடை வைத்திருந்த ஆங்கிலேயர்கள் ஒருவரா இருவரா. இந்தச் சொல்லைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோனவன் எவன், எந்தக் கப்பலில் போனது என்று சொல்ல இன்று ஆளில்லை. நம் ஊர் ஆபீஸ் வரைக்கும் அது வந்து சேர்ந்தது அவர்கள் நாக்கில் ஏறித்தான். நமக்கும் அது டிட்டோதான்.

தியனோரா ஞாயிற்றுக்கிழமைதோறும் அகழிக்கு அக்கரையில் வந்து நிற்பாள். உள்ளே பஞ்சு காயும் முற்றத்தின் மதில் ஓரத்தில் ஏறினால் அவளைப் பார்க்கலாம். கையைக் குவித்துக் கத்துவாள். பேச்சில் இரகசியம் எதுவும் சாத்தியமில்லை. காவலாட்கள், படகுக்காரர்கள், எல்லோரும் கேட்பார்கள்.

“சாப்பிட்டியா?”

“மொச்ச.”

“இன்னுமா மொச்ச? குழந்த உதைக்குது தோபனோ! உன்ன மாதிரி இல்ல, இதுக்குச் சுறுசுறுப்பு ஜாஸ்தி!”

படகுக்காரர்கள் சிரிப்பார்கள். தோபனோவும் சிரிப்பான்.

மே இருபத்து மூன்று. முப்பத்து நான்காம் நாள். அன்றும் ஞாயிறுதான். தியனோரா வந்தபோது கூட ஒரு பெண்ணின் தோளைப் பிடித்திருந்தாள். அன்று அவள் கத்திய குரலில் கேலி இல்லை.

“குறுக்க கெடக்குதாம் தோபனோ. மருத்துவச்சி சொல்றா. திருப்பிப் பாக்கறேன்னு சொல்றா.”

“நான் இன்னும் ஆறு நாள்ல வந்துருவேன்!”

“வந்துரு” என்றாள். அவள் சொன்னது அவ்வளவுதான்.

அவன் மதிலிலிருந்து இறங்கி வந்து பதிவேட்டைத் திறந்தான். அன்று அதனால் நேரமாகியிருந்தது. பெயர்களைக் கூப்பிட்டான். எட்டாவது பெயர் ஸ்தமாத்தி. கிழவன் வலது கையைத் தூக்கி அடித்துக்கொண்டான். இடது கை இடுப்பைத் தாண்டவில்லை.

“அந்தக் கை?”

“பொதி கொக்கி கிழிச்சிருச்சு தம்பி. ரெண்டு நாள்ல ஆறிடும்.”

பேனா மையில் தோய்ந்து நின்றது. கிழவன் அவன் கண்ணைப் பார்க்கவில்லை. தோபனோ தித்தோ என்று எழுதினான். தாள் இடுக்கியில் போயிற்று; வினிகரில் நனைந்தது; புகையில் காய்ந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அவன் எழுதியதில் யாரும் கேட்டதில்லை அல்லவா.

முப்பத்தைந்தாம் நாள் ஸ்தமாத்தி வரிசையில் நின்றபோது நெற்றி வேர்த்திருந்தது. இடது கையைத் தூக்கும் பாவனைகூட இல்லை. தித்தோ. அந்தச் சொல் முந்தின நாளைவிடச் சுலபமாக வந்தது. 

சாயங்காலம் முற்றத்தில் பார்னபி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“எழுத்தரே, அவர் கையத் தூக்கல.”

“தெரியும்.”

“டிட்டோ எழுதினீங்க.”

“ஆமா.”

“சொன்னதுன்னு அர்த்தம்னீங்க. அவர் நல்லா இருக்கார்னு யார் சொன்னா?”

தோபனோ அன்றைய தாளை மனசில் புரட்டினான். நலம் என்று அவன் எழுதவில்லை, அது உண்மை. மேலே சொன்னது என்று மட்டும் எழுதினான். மேலே யார் சொன்னது? முதல் பெயர்க்காரன் ஒரு மாலுமி. அவன் நலமாகத்தான் இருந்தான். அந்த நலத்தை இழுத்து எட்டாம் பெயர்வரை கொண்டுவந்தது தன் கை. பொய் சொல்லாமலே பொய் எழுத முடிகிற சொல் அது. எட்டு வருஷத்தில் அவனுக்கு அது தோன்றியதே இல்லை.

“பேசாம இருடா” என்றான் கடைசியில். “உனக்கு ஊருக்குப் போக வேண்டாமா?”

“வேணும்” என்றான் பார்னபி. “நான் அர்த்தம்தான் கேட்டேன்.”

முப்பத்தாறாம் நாள் காலை, பெயர் கூப்பிடுமுன் தோபனோ ஸ்தமாத்தியின் பாய்க்குப் போனான்.

“சட்டையக் கழட்டு அண்ணே.”

“தம்பி, இன்னும் நாலு நாள்.”

“கழட்டு.”

அக்குளில் கோழிமுட்டை அளவுக்குச் சிவந்து வீங்கியிருந்தது. கொக்கி கிழித்த காயம் அதற்கு நான்கு விரல் கீழே. காயத்தில் வந்த வீக்கமா, மற்றதா என்று தோபனோவுக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லும் வேலை அவனுடையது அல்ல. எழுதும் வேலை மட்டும்தான்.

மேஜைக்கு வந்து உட்கார்ந்தான். பதினேழு பேரும் சுற்றி நின்றார்கள். யாரும் வரிசையில் நிற்கவில்லை.

“ஒரே ஒரு சொல்லு” என்றான் நென்சோ. “நீ பாட்டுக்கு எழுதிட்டுப் போ. நான் காயத்தப் பாத்தேன், கொக்கிதான். என் பிள்ளைங்க வெளிய இருக்கு.”

“என் பிள்ளையும்தான்.”

“அப்ப எழுதேன்யா!”

தோபனோ தேதியை எழுதினான். முதல் பெயர், நலம். இரண்டிலிருந்து ஏழுவரை தித்தோ. ஏழாவது எழுதியதும் பேனா நின்ற இடத்தில் ஒரு சொட்டு மை விழுந்தது. எட்டாவது பெயருக்கு எதிரே ‘இடது அக்குளில் வீக்கம்’ என்று எழுதினான்.

ஒன்பதாவது பார்னபி. அவனுக்குத் தித்தோ போட முடியாது. போட்டால் அவனுக்கும் வீக்கம் என்றாகும். நலம் என்று புதிதாக எழுதினான். அதற்குக் கீழே மீண்டும் தித்தோ தொடங்கியது. எழுதி முடித்தபோது சுற்றி ஒருவரும் இல்லை.

தாள் போன கால்மணி நேரத்தில் கப்பித்தான் வெளிக்கிராதிக்கு வந்தார்.

“எப்ப வந்துச்சு?”

பொய்யான சுகாதாரக் குறிப்பு எழுதியவனுக்குத் துடுப்புக் கப்பலில் சங்கிலி; அதனால் ஊரில் நோய் பரவினால் தூக்கு; நோய்க்குறியை மறைத்தவனுக்கோ எப்போதுமே தூக்கு. தோபனோவின் பின்னால் பதினேழு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“இன்னிக்குக் காலையில பாத்தேன், ஐயா.”

“நேத்து?”

“நேத்து எழுதினதுதான், ஐயா.”

கப்பித்தான் தலையாட்டினார்.

மதியம் ஓர் அறுவை வைத்தியன் வந்தான். ஊர் வைத்தியரைவிடத் தைரியசாலி, அல்லது ஏழை. ஆள் நீளக் கழியின் நுனியில் கத்தியைக் கட்டி, கிராதிக்கு வெளியே நின்றே வீக்கத்தைக் கீறினான். ஸ்தமாத்தி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். சீழ் வந்தது. வைத்தியன் நெடுநேரம் பார்த்தான்.

“கொள்ளைநோய் இல்ல. அழுக்குக் கொக்கி. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா ரத்தத்துல ஏறியிருக்கும்.”

உள்ளே ஒரு பெரிய கூச்சல். அழுதார்கள், கட்டிப்பிடித்தார்கள். நென்சோ தோபனோவின் முதுகில் தட்டினான். தோபனோ கிராதியைப் பிடித்துக்கொண்டு, “அப்ப நாலு நாள்தானே, ஐயா?” என்றான்.

“வீக்கம்னு தாள்ல ஏறிருச்சு” என்றார் கப்பித்தான். “என்ன வீக்கம்னு சட்டம் கேக்காது. நாளைக்கு ஒண்ணாம் நாள்.”

நாற்பது நாள் மீண்டும் தொடங்கியது. சுவரில் இருந்த கரிக்கோடுகளை யாரும் அழிக்கவில்லை. பக்கத்திலேயே புது வரிசை போட்டார்கள். தோபனோவுடன் யாரும் பேசவில்லை. பெயர் கூப்பிட்டால் வருவார்கள், அடித்துக்கொள்வார்கள், போவார்கள். கஞ்சி ஊற்றுகிறவன் அவன் கிண்ணத்துக்கு மட்டும் அடிக்கரண்டியை விடாமல் மேலாகவே அள்ளுவான்; மொச்சை வராது. ஒருநாள் நென்சோ எல்லோர் முன்னாலும் கேட்டான்.

“எழுத்தரே, முன்னாடி ரெண்டு நாள் எழுதினியே, அதக் கப்பித்தான்கிட்ட நான் சொல்லட்டுமா?”

மூலையில் படுத்திருந்த ஸ்தமாத்தி எழுந்து உட்கார்ந்தான்.

“சொல்லு. மறைச்சதுக்கு நானும் தொங்கறேன். பாத்தும் பேசாம இருந்ததுக்கு நீயும் வா. கயிறு நெறைய இருக்கு கப்பல்ல.”

அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை. அந்த மண்டபத்தில் பூட்டு ஒன்று வெளியே இருந்தது. இன்னொன்று உள்ளே விழுந்தது. ஒருவர் வாயைத் திறந்தால் பதினெட்டுப் பேரும் போக வேண்டும். ஸ்தமாத்தி தோபனோவுக்கு நன்றி சொன்னதில்லை. பார்னபி மட்டும் சில சமயம் பக்கத்தில் வந்து உட்காருவான். “நான் வாய மூடிட்டு இருந்திருக்கணும்” என்று ஒருமுறை சொன்னான். “ஆமா” என்றான் தோபனோ. பிறகு இருவரும் பார்னபியின் கிண்ணத்திலிருந்து மொச்சை தின்றார்கள்.

ஜூன் ஆறு ஞாயிறு. தியனோரா வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் மட்டும் அக்கரையில் நின்றாள். தோபனோ மதிலின் விளிம்புக்கு நகர்ந்தான்.

“பொறந்திருச்சு! பொண்ணு!” என்று கத்தினாள்.

“தியனோரா?”

“படுத்திருக்கா! திட்டிட்டே இருக்கா! நல்லாயிருக்கா!”

“பேரு? பேரு வச்சாச்சா?”

காற்று எதிரே அடித்தது. அவள் சொன்னது அவனுக்கு ‘ரோசாலா’ என்று கேட்டது. அப்படி ஒரு பெயரை அவன் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் அன்று முதல் காலையில் பெயர் கூப்பிட்டு முடித்ததும், பதினெட்டாவது வரிக்குப் பிறகு, மனசுக்குள் அந்தப் பெயரையும் ஒருமுறை சொல்லிக்கொண்டான். ரோசாலா, நலம். அதற்கு அவன் தித்தோ போடவில்லை.

இருபதாம் தேதி தியனோராவே வந்தாள். துணிமூட்டையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். அவ்வளவு தூரத்தில் அது குழந்தையா ரொட்டியா என்று தெரியவில்லை. தோபனோ கையை ஆட்டினான். மூட்டை ஆடவில்லை.

ஜூலை ஐந்தாம் தேதி காலை பாலத்தின் கதவு திறந்தது. வெளியே வந்தவர்களின் துணியைக் கழற்றி எரித்து, வினிகரால் உடம்பைத் துடைத்து, வேறு துணி கொடுத்தார்கள். நென்சோ திரும்பிப் பார்க்காமல் நடந்தான். பார்னபி தோபனோவைக் கட்டிப்பிடித்தான். இத்தனை நாளில் அவன் பேச்சு ஊர்ப்பேச்சாகவே ஆகியிருந்தது. மாசோ பழைய கல்லருகே நின்றான். ஒரு ரொட்டியைப் பிய்த்துப் பாதியை நீட்டினான். தோபனோ வாங்கிக்கொண்டான். என்ன செய்வது, மாசோ காத்த சட்டத்தைத் தன் கையால் எழுதியவன் தோபனோதானே.

தியனோரா குழந்தையை அவன் கையில் வைத்தாள்.

“ரோசாலா” என்றான்.

“ரோசாலாவா? யாருடா அது? உள்ள எவளாவது இருந்தாளா?” என்று அவள் கேட்டாள். “ஒர்சோலா. எங்கம்மா பேரு.”

வினிகர் வாடையில் குழந்தை முகத்தைச் சுளித்து அழுதது.

மறுநாள் கப்பித்தான் அவனை அழைத்தார். சுகாதார அதிகாரிகள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். துறைமுகத்து எழுத்தர்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள்.

“இவனப் பாருங்க” என்றார் கப்பித்தான். “பொண்டாட்டிக்குப் பிரசவம். விடுதலைக்கு நாலு நாள். ஒரு பொய்ச் சொல்லு எழுதியிருந்தா வீட்டுக்குப் போயிருக்கலாம். எழுதல. இன்னிலேர்ந்து இவன்தான் முதல் எழுத்தன்.”

தோபனோ ஓரடி முன்னால் வந்தான். “ஐயா, ஒரு விஷயம் சொல்லணும்” என்றான்.

“அடக்கம் வேறயா!” என்று கப்பித்தான் சிரித்தார். அதிகாரிகளும் சிரித்தார்கள். ஒருவர் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். ஸ்தமாத்தியும் நென்சோவும் மற்றப் பதினைந்து பேரும் அவன் கண்முன் வந்தார்கள். தோபனோ வாயை மூடிக்கொண்டான்.

அன்று மதியம் பாய்மரக் கூடத்துக்குப் போனான். தியனோரா பாய்மேல் சப்பணமிட்டு உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை பாய் மடிப்பில் தூங்கியது. வேறு பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். முப்பத்து நான்கு, முப்பத்தைந்து, முப்பத்தாறு.

அவள் ஊசியை நிறுத்தவில்லை.

“ரெண்டு நாள் எனக்காக எழுதின.”

“ஆமா.”

“மூணாவது நாள் என்ன ஆச்சு?”

“தெரியல. கை வரல.”

“குறுக்க கெடந்தத அந்தப் பாவி மருத்துவச்சி கையவிட்டுத் திருப்பினா. ரெண்டு பேர் என் தோளப் பிடிச்சாங்க. நீ வருவன்னு பல்லக் கடிச்சிட்டு இருந்தேன்.” நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “போய்ச் சொல்லிடலாம்னு நெனைக்கிறியா?”

“நெனச்சேன்.”

“சொன்னா நீ துடுப்பு இழுப்ப. அந்தக் கிழவன் தொங்குவான். எனக்கு நீ அன்னிக்கு வந்ததும் இல்ல, இனி இருக்கறதும் இல்லன்னு ஆகும். பேசாம இரு.” பிறகு பாயின் ஓரத்தை அவன் பக்கம் தள்ளினாள். “இதப் பிடி. இழுத்துப் பிடி. மடிப்பு விழுது.”

அவன் உட்கார்ந்து பாயை இழுத்துப் பிடித்தான்.

பதினோரு வருஷம் அவன் முதல் எழுத்தனாக இருந்தான். புதிதாக வருகிற எழுத்தர்களிடம் கப்பித்தான் அவனைக் காட்டிக் கதை சொல்வார். ஒவ்வொரு முறையும் தோபனோ ஏதாவது வேலை இருப்பது போல் எழுந்து வெளியே போவான். அந்த வருஷத்துத் தாள்களைத் தைத்துக் கட்டிய புத்தகம் அவன் நாற்காலிக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. அதை எடுத்து இரண்டு தாளைக் கிழிப்பது அவன் கைக்கு ஒரு நிமிஷ வேலை. அவன் கிழிக்கவில்லை. திறந்து பார்த்ததும் இல்லை. நாற்காலியை வேறு பக்கம் நகர்த்திக்கொள்ளலாமா என்று ஒருமுறை கேட்டான். வெளிச்சம் இங்கேதான் நன்றாக விழுகிறது என்றார் கப்பித்தான்.